மேல் அளவு, கீழ் அளவு

ஜூன் 1

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்து முடித்து வெள்ளைச் சேலையைக் கையில் எடுத்த பிறகுதான் நேற்றோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்தேன். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி ஐந்து பத்து.

நேற்று பிரிவு உபசார விழா. முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பேசியவர்கள் எல்லாரும் ஹெப்சிபா சிஸ்டர் கண்டிப்பானவர், ஆனால் தங்கமானவர் என்றார்கள். அந்த "ஆனால்" இல்லாமல் ஒருத்தியும் பேசவில்லை. ஓய்வு பெறுகிறவரை மாலையோடு வீடுவரை கொண்டுவந்து விடுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். ஜீப் ரிப்பேர் என்று என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். தெருமுனையில் டிரைவர் பழக்க தோஷத்தில் சைரனைப் போட்டுவிட்டான். என் கீழ்வீட்டில் குடியிருக்கும் சந்திரா ஓடிவந்தாள். பின்கதவு திறந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது ரோஜா மாலைதான்.

"ஏ ஐயா... சிஸ்டர் போயிட்டாவளே!"

"இன்னும் போகலட்டி. இறங்கணும், வழி விடு" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் வண்டி திரும்பிப் போய்விட்டது.

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. டூட்டி முடிந்தால் அடுத்து வருகிறவளுக்கு ரிப்போர்ட் எழுதி வைத்துவிட்டுப் போவது பழக்கம். இப்போது அடுத்து வருகிறவள் யாருமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூன் 3

துணி துவைத்தேன். அலமாரியை அடுக்கினேன். ஜன்னல் கம்பிகளை டெட்டால் போட்டுத் துடைத்தேன். மணி எட்டே முக்கால்தான் ஆகிறது.

ஜூன் 8

ஓசூரிலிருந்து பெர்சிஸ் பேசினாள். "அம்மா, தனியா அங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? இங்க வந்துருங்க." நான் அங்கே போய் என்ன செய்ய? காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கவா? அவள் அப்பா இறந்து பதினோரு வருஷமாக நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் வீட்டில் இருந்ததே கிடையாது.

குக்கர் சரியில்லை. விசில் அடிப்பதே இல்லை. சோறு கஞ்சியாகிவிட்டது. சந்திரா மாடி ஏறி வந்து, "பத்து விசில் எண்ணிட்டேன் சிஸ்டர், சோறா, இல்ல பாயாசம் வைக்கியளா?" என்று கேட்கிறாள். அவளுக்கு வேறு வேலையில்லை.

ஜூன் 14

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். ஏழு சுற்று நடந்தும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றதில் எரிச்சலாக இருந்தது. வேப்பமரத்தடி பெஞ்சில் என்னைப் போல வேலையில்லாதவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் சொர்ணம் என்று ஓர் அம்மாள், பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "தலை கிறங்குது" என்று அப்படியே சாய்ந்தார். எனக்குக் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. வீடு மூன்று நிமிஷ தூரம். ஓடிப்போய் என் பி.பி. கருவியை எடுத்துவந்தேன்.

100/64. விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லையாம். திட்டினேன். டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நாளைக்கும் வருவீயளா சிஸ்டர்?" என்று கேட்டார் சொர்ணம்.

பார்க்கலாம் என்றேன். ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

ஜூன் 22

பூங்கா ரிப்போர்ட். ஆஜர் 11 பேர். சொர்ணம் 112/70. சங்கரலிங்கம் சார், தாசில்தார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர், 136/84. வேலாயுதம் அண்ணாச்சி, அரசு பஸ் டிரைவராக இருந்தவர், வயது அறுபத்தெட்டு, 172/104. மற்றவர்கள் விவரம் நோட்டில்.

ஒரு நோட்டுப் போட்டு ஆளுக்கு நாலு பக்கம் ஒதுக்கிவிட்டேன். சங்கரலிங்கம் சார் இந்த 136, 84 எல்லாம் என்ன கணக்கு என்று கேட்டார். விளக்கினேன். கையில் பட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டு, காற்றை மெல்ல விடவேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் "டொக்" என்று முதல் சத்தம் எங்கே கேட்கிறதோ அது மேல் அளவு. டொக் டொக் என்று வந்து எங்கே அடங்குகிறதோ அது கீழ் அளவு. அவ்வளவுதான், காது சுத்தமாக இருந்தால் போதும் என்றேன்.

வேலாயுதம் அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரி என்றாலே வேர்க்கும். இரண்டு நாள் மல்லுக்கட்டி ஹெல்த் சென்டருக்கு அனுப்பி மாத்திரை வாங்க வைத்தேன்.

இன்று மத்தியானம் தூங்கவில்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. நன்றாக இருந்தது.

ஜூலை 5

வேலாயுதம் அண்ணாச்சி 148/92. இறங்குகிறது. சந்தோஷத்தில் ஒரு கட்டுக் கருவேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார், அவர் வீட்டு மரத்தில் ஒடித்தது.

சொர்ணம் ஒரு கேள்வி கேட்டார். "ஆளப் பாத்தாலே தெரியுமே சிஸ்டர், தெனமும் இறுக்கிப் பாக்கணுமா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பார்க்காமல் எழுதுகிற பேச்சே என்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இசக்கியம்மாள் என்று ஒரு பயிற்சி நர்ஸ். காலை ஆறு மணிக்கு வார்டு முழுக்கப் பி.பி. பார்க்க வேண்டும். நாற்பது கட்டில். அவள் பாதியைப் பார்த்துவிட்டு மீதிக்கு நேற்றைய அளவையே இறக்கிவைத்துவிட்டாள். பதினாலாம் கட்டில் நோயாளியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆள் இல்லாத கட்டிலுக்கு 120/80! பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அந்தக் கேஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வைத்தேன். அழுதாள். அழட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் அவள் நல்ல நர்ஸாக வந்தாள், இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை.

ஜூலை 16

சந்திரா, டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். நான் என்ன, ஊருக்கா வைக்கிறேன்?

ஜூலை 20

பெஞ்சை மாற்றிவிட்டேன். வேப்பமரம் ரோட்டுக்குப் பக்கம், பஸ் இரைச்சலில் ஒன்றும் சரியாக வருவதில்லை. எல்லாரையும் உள்ளே புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். "ஸ்கூல்ல கூட இப்படிப் பயந்ததில்ல" என்றார் சங்கரலிங்கம் சார்.

மக்களும் இப்போதெல்லாம் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். பெர்சிஸ் போனில் பேசினால் பாதிதான் வருகிறது. டவர் சரியில்லை.

ஜூலை 27

மருந்துக் கடையில் புது ஸ்டெதாஸ்கோப் வாங்கினேன். சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். அதுவும் அப்படித்தான். இப்போது வருகிற சாமான்களில் சத்து இல்லை.

ஆகஸ்ட் 6

ஆஜர் 16 பேர். சொர்ணம் 110/70. சங்கரலிங்கம் சார் 130/80. வேலாயுதம் அண்ணாச்சி 130/80. புதிதாக வந்த ஒரு தம்பதி, இருவருக்கும் 120/80.

எல்லாரும் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி நான் கத்தியது வீண்போகவில்லை.

ஆகஸ்ட் 13

ஆஜர் 17. அண்ணாச்சிக்குப் பார்க்கும்போது முள் நூற்று முப்பதில் துள்ளியது போலத்தான் இருந்தது. நேற்றும் அதுதானே. 130/80 என்று எழுதினேன்.

எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மிக்ஸியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் இலவசக் காது பரிசோதனை முகாம். நான் ஒன்றும் அதற்காகப் போகவில்லை. சொர்ணத்துக்குத் துணைக்குப் போனேன், அவர் கோயிலுக்குப் போகிற ஆள், சர்ச்சுக்குத் தனியாக வரக் கூச்சப்பட்டார். முகாம்காரர்கள் எனக்கும் பார்க்க வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள், சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதிக்கிற பெண் எதிரே உட்கார்ந்து கருவியைத் தட்டுகிறாள். அவளுடைய விரல் எனக்கு நன்றாகத் தெரிகிறது. விரல் அசையும்போதெல்லாம் அழுத்தினேன்.

"உங்க வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு மேடம்" என்று எழுதிக் கொடுத்தாள். சொர்ணத்திடம் காட்டினேன்.

ஆகஸ்ட் 26

ஆஜர் 19. நோட்டு தீரப் போகிறது. புதிது வாங்க வேண்டும்.

பெர்சிஸ், "தீபாவளி லீவுக்கு வந்து உங்களக் கையோட கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பத்தொன்பது பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர்களை விட்டுவிட்டு எப்படி வர? அவள் ஏதோ சொன்னாள், சரி சரி என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4

வேலாயுதம் அண்ணாச்சி 130/80. மறுபடியும் கருவேப்பிலை. "எல்லாம் உங்க கைராசி சிஸ்டர். டாக்டர்கிட்ட போனா ஏறுது, உங்ககிட்ட வந்தா இறங்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ அந்தக் கருவேப்பிலையைச் சமைக்கத் தோன்றவில்லை. ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

மேல் அளவை மட்டும் விரலால் பார்த்துவிடலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு பட்டையை இறுக்கினால் நாடி நின்றுவிடும். காற்றை விட விட, நாடி திரும்ப வருகிற இடம் மேல் அளவு. இரைச்சலான இடத்தில் நாங்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கீழ் அளவு அப்படி வராது, அதற்குக் காது வேண்டும். காலியாக விட்டால் சங்கரலிங்கம் சார் ஏன் என்று கேட்பார். இதையெல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

அண்ணாச்சி வரவில்லை.

செப்டம்பர் 13

வரவில்லை. இரண்டு தடவை வாசல்வரை போய்ப் பார்த்தேன். சொர்ணம், "மக வீட்டுக்குப் போயிருப்பாவ" என்றார்.

செப்டம்பர் 14

காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். பின்கழுத்து வலிக்கிறது, இரண்டு நாளாகக் கிறுகிறுப்பு என்றார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன்.

"நிறுத்தி மூணு வாரம் ஆச்சே சிஸ்டர்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீங்க எழுதுன நோட்டப் பாத்துட்டுதான் இருக்கேன். தெனமும் நூத்தி முப்பது எம்பது. நார்மல் ஆளுக்கு எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்."

பட்டையைச் சுற்றினேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினேன். வீடு அமைதியாகத்தான் இருந்தது. ரோடும் பஸ்ஸும் இல்லை, பேசுகிறவர்களும் இல்லை. காற்றைக் கடைசிவரை விட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இறுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி நூற்றுத் தொண்ணூற்றாறில் வந்து விரலில் முட்டியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை குழறியது. வலது கையில் பிடித்திருந்த தம்ளர் நழுவியது.

அவர் மருமகளை ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் டூட்டியில் இருந்தவள் இசக்கியம்மாள். என்னைக் கண்டதும் ஒரு சிரிப்பு, அதோடு வேலையில் இறங்கிவிட்டாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. பிறகு என் பக்கம் வந்து சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"மேடம், முன்னாடி பாத்த ரீடிங் ஏதாவது இருக்கா? டாக்டர் கேக்காங்க."

நோட்டு என் பையில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சியின் பக்கத்தைப் பிரித்தாள். ஜூன், ஜூலையைப் படித்துக்கொண்டே வந்தாள். ஆகஸ்டில் அவள் விரல் நின்றது. 130/80, 130/80, 130/80 என்று பக்கம் முடிகிறவரை ஒரே அளவு. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் அதுதான். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

என்னை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 16

பூங்காவுக்குப் போகவில்லை. தலைவலி என்று சந்திராவிடம் சொல்லியனுப்பினேன். தலைவலி இல்லை.

செப்டம்பர் 17

போகவில்லை. பெர்சிஸிடம் ஓசூருக்கு வந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பெட்டியை இறக்கித் துடைத்தேன். பாதி அடுக்கினேன். எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

செப்டம்பர் 18

பெட்டியை மேலே ஏற்றிவிட்டேன். அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நான் ஓசூரில் லிஃப்டில் ஏறி இறங்குவதா?

பார்க்கப் போனேன். பேச்சு திரும்பிவிட்டது. வலது கைக்கு இன்னும் பிடிமானம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்கு ஜூலையிலிருந்தே காது கேட்கவில்லை, அளவெல்லாம் நானாக எழுதியது, உங்கள் கை இப்படி ஆனது என்னால்தான் என்றேன். வார்டில் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. என் குரல் எவ்வளவு சத்தம் என்பது எனக்கே தெரிவதில்லை.

அவர் என் பக்கம் சாய்ந்து, காதுக்குப் பக்கத்தில் பேசினார்.

"கடைசி ரெண்டு வருஷம் எனக்கு எதுத்த வண்டி போர்டு தெரியாது சிஸ்டர். கண்டக்டர் விசில வச்சிதான் ஓட்டுனேன். சொன்னா இறக்கிருவான்லா. இறக்கிட்டா நான் எங்க போவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு சொல்லல. நீங்க சொல்லிருக்கணும். என் பஸ்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது என் அதிர்ஷ்டம். உங்களுக்கு அது இல்ல."

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

செப்டம்பர் 20

காது டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை நானாகவே கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. கருவி வைக்க அளவெடுத்திருக்கிறார்கள். அது பேச்சுக்கு உதவும், ஸ்டெதாஸ்கோப்புக்கு உதவும் என்று நம்ப வேண்டாம் என்றார் டாக்டர்.

குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது போல.

செப்டம்பர் 21

பூங்காவுக்குப் போனேன். பி.பி. கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை கடைசியிலிருந்து நோட்டில் இருக்கிற எதையும் நம்ப வேண்டாம், ஒவ்வொருவரும் திங்கட்கிழமையே ஹெல்த் சென்டரில் பார்த்துவிட வேண்டும், யாரும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்கள் இருவரையும் அப்போதே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு முன் சங்கரலிங்கம் சார் எழுந்தார். "ஒரு ஃபைல்ல பொய்யா ஒரு வரி எழுதுனா சஸ்பெண்ட் பண்ணிருவோம் நாங்க. மனுஷ உயிர்ல விளையாடியிருக்கீங்க" என்றார். கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

சொர்ணம் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கோவம்தான் எனக்கும். ஆனா ஒரு வாரமா வராம இருந்தீயளே, அதுக்குத்தான் பெரிய கோவம். பெஞ்சில யாருக்கும் பேச்சே ஓடல. எனக்கு நூத்திப்பத்தா நூத்தியிருவதான்னு நான் என்னைக்குக் கேட்டேன்? சாப்டீயாட்டின்னு நீங்க அதட்டுவீயல்லா, அதுக்கு வந்தேன்."

எனக்குக் கேட்கட்டும் என்று கத்திச் சொன்னார். நடந்துகொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 28

ஆஜர் 9. யாருக்கும் பி.பி. பார்க்கவில்லை. யார் யார் ஹெல்த் சென்டருக்குப் போனார்கள், அங்கே என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று சீட்டை வாங்கிப் பார்த்து நோட்டில் ஏற்றினேன். போகாதவர்களைத் திட்டினேன். சங்கரலிங்கம் சார் வரவில்லை. இனி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

காதுக்கருவி வந்துவிட்டது. காக்கை கத்துவது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. சந்திரா கீழே தன் புருஷனிடம் என்னைப் பற்றிப் பேசுவதும் கேட்கிறது. பரவாயில்லை, நல்லதாகத்தான் பேசுகிறாள்.

அக்டோபர் 5

ஆஜர் 12. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வேலாயுதம் அண்ணாச்சி வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்ட முடியாமல் மருமகளைச் சுருட்டிவிடச் சொன்னார். இடது கையை என் மடிமேல் நீட்டினார்.

"ஹெல்த் சென்டர்ல பார்த்தாச்சுல்லா அண்ணாச்சி. இனிமே எங்கிட்ட வேண்டாம்" என்றேன்.

"அது திங்கக்கிழம. இன்னைக்கு என்ன கெழம?"

"சனி."

"அப்ப பாருங்க. தெரிஞ்சத எழுதுங்க, தெரியாதத எழுதாதீய."

பட்டையைச் சுற்றினேன். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவில்லை. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து இறுக்கினேன். நாடி நின்றது. காற்றை மெல்ல, மிக மெல்ல விட்டேன். பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் பன்னிரண்டு பேரில் ஒருவரும் பேசவில்லை. நூற்று ஐம்பதில் நாடி வந்து விரலைத் தட்டியது. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அங்கேதான் வந்தது.

நோட்டில் அவர் பக்கத்தைப் பிரித்து, எல்லாரும் பார்க்க எழுதினேன்.

வேலாயுதம் அண்ணாச்சி. மேல் அளவு 150. கீழ் அளவு, என் காதில் விழவில்லை.